லேசாக இடிபட்ட காருக்கு கிளைம் போடுவதா, கையோடு பேசி முடிப்பதா?

கேள்வி: அவினாசி ரோட்டில் ஒரு சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது பின்னால் வந்த கார் இடித்துவிட்டது. பின் பம்பர் விரிசல், டிக்கி கதவில் டென்ட். இடித்தவர் தப்பை ஒத்துக்கொண்டு 4,000 ரூபாய் தருகிறேன் என்றார். நான் வாங்காமல் போன் நம்பர் மட்டும் வாங்கி வந்தேன். ஷோரூமில் 18,500 ரூபாய் எஸ்டிமேட், வெளியே தெரிந்த டிங்கரிங் கடையில் 9,000 சொல்கிறார்கள். என் காருக்கு 6 வயது, 1,200 சிசி, ஸீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தரும் கூடுதல் கவர்) இல்லை, நோ கிளைம் போனஸ் (கிளைம் போடாத வருஷங்களுக்காக பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) 50 சதவீதம். கிளைம் போடலாமா?

பதில்: அங்கேயே பணத்தை வாங்காமல் வந்தீர்களே, அதுதான் நல்ல வேலை. என் அண்ணன் ஒருமுறை நடுரோட்டில் 3,000 வாங்கிக்கொண்டு கைகுலுக்கி வந்துவிட்டார். மறுநாள் பம்பரைக் கழற்றினால் உள்ளே கிளாம்ப் எல்லாம் உடைந்து, பார்க்கிங் சென்சாரும் போயிருந்தது. பிளாஸ்டிக் பம்பர் அடி வாங்கினாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும், உள்ளே என்ன ஆனது என்று கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். எந்த முடிவாக இருந்தாலும் அதற்கு அப்புறம்தான்.

இப்போது கணக்கு. 18,500க்கு எஸ்டிமேட் இருந்தால் இன்ஷூரன்ஸ் 18,500 தரும் என்று நினைக்காதீர்கள். ஸீரோ டெப் இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். 5 வயது தாண்டிய காரில் உலோகப் பாகத்தை மாற்றினால் 40 சதவீதம் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு கிடையாது, கூலிக்கும் கிடையாது. பெயின்ட் செலவில் கால் பங்கைப் பொருள் விலையாக எடுத்து அதில் பாதியைக் குறைப்பார்கள். உங்கள் எஸ்டிமேட்டில் பம்பர் 6,000, டிங்கரிங் கூலி 4,500, பெயின்டிங் 8,000 என்று வைத்துக்கொள்வோம். பம்பருக்கு 3,000, கூலி முழுசாக 4,500, பெயின்டிங்குக்கு 7,000, ஆக 14,500. அதில் ஒவ்வொரு கிளைமிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 (1,500 சிசிக்கு மேற்பட்ட காராக இருந்தால் 2,000) போக 13,500 வரும். மீதி 5,000 உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும்.

சரி, 13,500 வருகிறதே என்றால், அதற்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை, ஷோரூமில் உட்கார்ந்திருப்பவர்களும் சொல்வதில்லை. ஒரே ஒரு கிளைம் போட்டால் அந்த 50 சதவீத போனஸ் அப்படியே பூஜ்ஜியமாகிவிடும். அங்கிருந்து 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50ஐத் தொட வருஷக்கணக்கில் ஆகும். இந்தத் தள்ளுபடி ஓன் டேமேஜ் (உங்கள் காரின் சேதத்துக்கான) பிரீமியத்துக்கு மட்டும்தான், தேர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கான) பிரீமியத்துக்கு இல்லை. பாலிசியை எடுத்து, போனஸ் கழிப்பதற்கு முன்னால் ஓன் டேமேஜ் பிரீமியம் எவ்வளவு என்று பாருங்கள். அது 8,000 என்று வைத்தால் இப்போது கட்டுவது 4,000. கிளைம் போட்டால் அடுத்த ஐந்து வருஷத்தில் கூடுதலாகக் கட்டுவது 4,000, 2,400, 2,000, 1,200, 400, மொத்தம் 10,000. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 11,800. காரின் மதிப்பு வருஷா வருஷம் குறைவதால் நிஜத்தில் இது கொஞ்சம் குறையலாம். அப்படியும் 13,500 வாங்க 11,800 போகிறது. இந்த வித்தியாசத்துக்காக சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரும்வரை காத்திருந்து, காரையும் ஒரு வாரம் விட்டுவிட்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதில் என்னை எரிச்சல்படுத்துவது, தப்பு அவருடையது, போனஸ் போவது உங்களுக்கு. போனஸுக்கு யார் தப்பு என்ற கேள்வியே கிடையாது, உங்கள் பாலிசியில் கிளைம் போட்டீர்களா இல்லையா, அவ்வளவுதான். "உங்க இன்ஷூரன்ஸ்ல போட்டுக்கோங்க சார், உங்களுக்கு ஒண்ணும் செலவு இல்லையே" என்று இடித்தவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். அவருடைய இன்ஷூரன்ஸிலிருந்து உங்கள் காரைச் சரிசெய்யலாமா என்றால், தேர்ட் பார்ட்டி சொத்து சேதத்துக்கு வழக்கமான கார் பாலிசியில் 7.5 லட்சம் வரை இடம் இருக்கிறது. ஆனால் அதை வாங்க மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் வரை போக வேண்டும். 18,500 ரூபாய்க்காக அந்தப் படியேறுவதில் பலன் இல்லை.

அதனால் அவருக்கு போன் செய்து இரண்டு எஸ்டிமேட்டையும் அனுப்புங்கள். "ஷோரூமில் 18,500, நான் வெளியே 9,000க்கு முடித்துக்கொள்கிறேன், அதைக் கொடுத்துவிடுங்கள்" என்று கேளுங்கள். 7,000, 8,000க்கு வந்தாலும் ஒத்துக்கொள்ளலாம். பணத்தை ஜிபேயில் வாங்குங்கள். தேதி, இடம், இரண்டு வண்டி நம்பர், தொகை, இந்த டேமேஜுக்கு இத்தோடு தீர்ந்தது என்று நாலு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் பணமும் வாங்கிக்கொண்டு அதே டேமேஜுக்குக் கிளைமும் போடக் கூடாது. ஒரே நஷ்டத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்குவது தப்பு, தெரிந்தால் கிளைமே மறுக்கப்படும்.

ஸீரோ டெப் இருந்திருந்தால் என் பதில் வேறு. 17,500 கையில் வரும்போது, இடித்தவரும் கைவிரித்துவிட்டால், தாராளமாகப் போடலாம். புது காரில் முதல் வருஷமே கிளைம் என்றாலும் இழப்பு குறைவு, ஏனென்றால் இழக்க அதிகம் போனஸ் சேர்ந்திருக்காது. இந்த வருஷம் ஏற்கெனவே ஒரு கிளைம் போட்டிருந்தால் போனஸ் போனது போனதுதான், இரண்டாவதுக்குத் தயங்க வேண்டாம். நோ கிளைம் போனஸ் புரொடெக்ட் (கிளைம் போட்டாலும் போனஸைக் காப்பாற்றும் கூடுதல் கவர்) எடுத்தவர்கள் அதில் எத்தனை கிளைம் வரை அனுமதி என்று மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கத்துக் காரின் கதவில் உரசிவிட்டேன். உரிமையாளர் உடனே 25,000 வேண்டும் என்கிறார், தரும்வரை என் ஆர்.சி.யைத் தன்னிடம் வைத்திருப்பாராம்.

பதில்: ஆர்.சி., லைசென்ஸ், சாவி எதையும் கொடுக்காதீர்கள். பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. உரசியது நீங்கள்தான், சரிசெய்து தர வேண்டியதும் நீங்கள்தான், அதை மரியாதையாகச் சொல்லிவிட்டு, "எஸ்டிமேட் வாங்குங்கள், ஒர்க்‌ஷாப்புக்கு நானே நேரடியாகக் கட்டுகிறேன்" என்று சொல்லுங்கள். அந்தக் கதவை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பழைய கீறலும் சேர்ந்து உங்கள் தலையில் விழக் கூடாது. ஒரு கதவு டென்ட் எடுத்து பெயின்ட் அடிக்க 25,000 என்பது சாதாரண காருக்கு ரொம்ப அதிகம். ஒருவேளை தொகை பெரிதாகி, தேர்ட் பார்ட்டி கவரில் போகலாம் என்று நினைத்தால், பணம் தருவதாக எதையும் எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் கம்பெனிக்குத் தெரிவியுங்கள். அவர்களுடைய எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்கவோ பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது என்று பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது.

கேள்வி: என் கார் கண்ணாடி பட்டு பைக்கில் வந்த பெரியவர் விழுந்துவிட்டார். முட்டியில் சிராய்ப்புதான், 2,000 கொடுத்தேன், அவரும் போய்விட்டார். இத்தோடு முடிந்ததா?

பதில்: முடியவில்லை. உடம்பில் அடிபட்டால் அது கையோடு பேசி முடிக்கும் விஷயமே இல்லை. அன்று சிராய்ப்பாகத் தெரிந்தது மறுநாள் எலும்பு முறிவாக இருக்கலாம், அந்த வயதில் இன்னும் பயம் அதிகம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 134, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனில் சொல்வதும் ஓட்டுநரின் கடமை என்கிறது, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்கவும் சொல்கிறது. 24 மணி நேரம் தாண்டியிருந்தாலும் இன்றே போய்ச் சொல்லி சி.எஸ்.ஆர். ரசீது (தகவலைப் பதிந்ததற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது) வாங்குங்கள், கம்பெனிக்கும் மெயில் போடுங்கள். பெரியவரின் நம்பர் இருந்தால் முதலில் அவருக்கு போன் செய்து எப்படி இருக்கிறார் என்று விசாரித்து, எக்ஸ்ரே எடுத்தாரா என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.