பேச்சுப் போட்டி: மணி, மைக், மதிப்பெண்

கல்லூரிகளில் பேச்சுப் போட்டி நடத்துவது குறித்துக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும், எங்கள் பதில்களும்.

கேள்வி: மாவட்ட அளவில் போட்டி வைக்கிறோம். 36 பேர் வரலாம். ஆளுக்கு 5 நிமிடம். காலை 10 மணிக்குத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் முடியுமா? எந்த மாதம் நல்லது? (மாணவர், நாகர்கோவில்)

முடியாது. பேச்சு 5 நிமிடம்தான். ஆனால் பெயரைக் கூப்பிட்டு, அவர் மேடையேறி, மைக்கைச் சரிசெய்து, பேசி முடித்ததும் நடுவர்கள் எழுதி முடிக்க இன்னொரு 2 நிமிடம் போகும். 36 பேருக்கு 252 நிமிடம், அதாவது 4 மணி 12 நிமிடம். குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை எல்லாம் இதற்கு மேல்.

இரண்டு சுற்றாகப் பிரியுங்கள். முதல் சுற்று இரண்டு வகுப்பறைகளில் ஒரே நேரத்தில் நடக்கட்டும். அறைக்கு 18 பேர், 3 நிமிடப் பேச்சு, இடைவெளி ஒன்றரை நிமிடம். 10.15க்குத் தொடங்கினால் 11.40க்குள் முடியும். அறைக்கு 5 பேர் வீதம் 10 பேர் இறுதிச் சுற்றுக்கு. 12 மணிக்குத் தொடங்கினால் 1.10க்கு முடிந்துவிடும். இரண்டு அறைக்கும் நடுவர்கள் வேறு என்பதால் மதிப்பெண்களை ஒன்றாகச் சேர்த்து முதல் 10 பேரை எடுக்கக் கூடாது. கை தாராளமான நடுவர் இருந்த அறையே மொத்தமாக உள்ளே வந்துவிடும். ஒரே கல்லூரியில் இருந்து இருவர் வந்தால் அறைக்கு ஒருவராகப் பிரித்துவிடுங்கள்.

வாழ்த்துரைகளைத் தொடக்கத்தில் வைக்காமல், நடுவர்கள் கூட்டிப் பார்க்கும் நேரத்துக்குத் தள்ளுங்கள். விருந்தினருக்கும் முழு அவை கிடைக்கும். கொல்லங்கோடு, அருமனைப் பக்கம் இருந்து வருபவர்கள் இரண்டு பஸ் மாற வேண்டும். 3 மணிக்கு மேல் இழுத்தால் பரிசளிப்பின்போது வெறும் நாற்காலிகள்தான் இருக்கும்.

மாதம்? பொங்கலுக்குப் பிறகு, பிப்ரவரி பாதி வரை. நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஷீட் போட்ட அரங்கில் மழை பிடித்தால் எந்த மைக்கும் உதவாது. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, அய்யா வைகுண்டர் அவதார தினம் ஆகியவற்றுக்கான உள்ளூர் விடுமுறைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர்க் கோயில், தேவாலயத் திருவிழாக்களையும் விசாரியுங்கள். குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டால் ஜன்னலை மூடினாலும் தப்ப முடியாது.

கேள்வி: போன வருடம் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். தலைப்பு எப்படிக் கொடுப்பது? (மாணவி, தக்கலை)

பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தைப் பற்றி ‘ஜீவாவின் வாழ்வும் பணியும்’ என்று கொடுத்தால், 1907இல் பூதப்பாண்டியில் பிறந்தார் என்று தொடங்கி அத்தனை பேரும் ஒரே குறிப்பை ஒப்பிப்பார்கள். அதே ஜீவா தனித்தமிழ்ப் பற்றால் உயிரின்பன் என்று பெயர் மாற்றிக்கொண்டு, பின்னாளில் ஜீவானந்தம் என்ற பெயருக்கே திரும்பினார். ‘உயிரின்பன் ஜீவானந்தமாகத் திரும்பியது சரியா?’ என்று கேளுங்கள். ஒரு பக்கம் நின்று வாதாடாமல் தப்பிக்க முடியாது. ‘நான்குவழிச் சாலைக்காகக் குளத்தை நிரப்பலாமா?’ என்பதும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொந்தக் கருத்து இருக்கும் தலைப்பு.

முதல் சுற்றுத் தலைப்பை 10 நாள் முன்பே அறிவியுங்கள். இறுதிச் சுற்றுக்குச் சீட்டுக் குலுக்கி, அவரவர் முறைக்கு 15 நிமிடம் முன்னால் தலைப்பு கொடுங்கள். தயாரிப்பு அறைக்குள் போகுமுன் செல்போனை வாங்கி வைக்க வேண்டும். ஆசிரியர் எழுதிக் கொடுத்த பேச்சு அங்கே உதவாது.

கேள்வி: மணி அடித்தும் நிறுத்தாதவரை என்ன செய்வது? (மாணவர், குளச்சல்)

5 நிமிடப் பேச்சென்றால் 4ஆம் நிமிடம் மஞ்சள் அட்டை, 5ஆம் நிமிடம் சிவப்பு, ஐந்தரையில் மணி. மணியை மட்டும் நம்பினால் நல்ல பேச்சு நடுவில் அறுபடும். நேரம் பார்ப்பவர் முன்வரிசையில், பேசுபவரின் கண்ணில் படும் இடத்தில் உட்கார வேண்டும். செல்போனை ஸ்டாப்வாட்ச் ஆக்கினால் ஃபிளைட் மோடில் போடுங்கள். முதல் சொல்லில் இருந்து கணக்கு. அவை வணக்கம் ஒரே வரி என்று விதியில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் முதல்வரில் தொடங்கி மைக் செட்காரர் வரை வணக்கம் சொல்லியே 1 நிமிடம் போகும். ஐந்தரைக்கு மேல் ஒவ்வொரு 15 விநாடிக்கும் 1 மதிப்பெண் கழியுங்கள். கழிப்பது நேரம் பார்ப்பவரின் வேலை, நடுவருடையது அல்ல.

கேள்வி: மைக் ஏன் அடிக்கடி கீச்சிடுகிறது? (மாணவி, மார்த்தாண்டம்)

ஸ்பீக்கரில் வரும் சத்தத்தை மைக் மறுபடி பிடிக்கிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கி மறுபடி ஸ்பீக்கருக்கே அனுப்புகிறது. இந்தச் சுற்றுதான் கீச்சொலி. ஸ்பீக்கர் பெட்டிகள் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் எல்லாப் பக்கச் சத்தமும் உள்ளே போகும்; மேடைப் பாடகர்களைப் பார்த்துப் பழகிய பழக்கம் இது. வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி போதும். தள்ளி நின்று மெதுவாகப் பேசினால் மைக் செட்காரர் வால்யூமைக் கூட்டுவார், உடனே கீச்சிடும். ஆளுக்கேற்ப ஸ்டாண்டை ஏற்றி இறக்க ஒரே தன்னார்வலரை நிறுத்துங்கள். வயர்லெஸ் மைக்குக்குக் காலையில் புது பேட்டரி போடுங்கள். வயர் மைக் ஒன்றும் மேடையில் தயாராக இருக்கட்டும்.

கேள்வி: நடுவர்களில் இருவருக்குப் பிடித்தவர் தோற்று, ஒருவருக்குப் பிடித்தவர் ஜெயித்துவிட்டார். எப்படி? (மாணவர், குலசேகரம்)

கூட்டல் சரியாக இருந்தாலும் இது நடக்கும். முதல் நடுவர் அ-வுக்கு 90, ஆ-வுக்கு 60 போடுகிறார். மற்ற இருவரும் அ-வுக்கு 75, ஆ-வுக்கு 80. மொத்தம் அ 240, ஆ 220. பெரிய வித்தியாசம் வைத்து மதிப்பெண் போடும் ஒருவர் மற்ற இருவரையும் விழுங்கிவிட்டார். மதிப்பெண்ணை ஒவ்வொரு நடுவரின் தாளிலும் தரவரிசையாக மாற்றிக் கூட்டுங்கள். அ: 1+2+2=5, ஆ: 2+1+1=4. குறைந்த எண்ணே வெற்றி. சமன் வந்தால் கருத்துக்கான மதிப்பெண்ணைப் பார்ப்பது என்று முன்பே அறிவித்துவிடுங்கள். நாங்கள் சொல்லும் பங்கீடு: கருத்து 40, வாதத்தின் ஒழுங்கு 25, மொழி 20, மேடை முறை 15. குரல் ஏற்ற இறக்கத்துக்கே 40 கொடுக்கும் தாள்களால்தான் கத்துபவர்கள் ஜெயிக்கிறார்கள்.

கேள்வி: பேச்சில் ‘எனக்க’ (என்னுடைய), ‘இஞ்ச’ (இங்கே) என்று வந்தால் மதிப்பெண் குறைக்கலாமா? (மாணவி, கருங்கல்)

கூடாது. ல, ள, ழ குழம்பினால் குறையுங்கள். ஊர் வழக்கு குழப்பம் அல்ல. நடுவர்கள் வெளி மாவட்டத்தவர் என்றால் விதித்தாளிலேயே எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: மைதானத்தில் நடத்த அனுமதி வேண்டுமா? (மாணவர், நாகர்கோவில்)

வேண்டும். முதல்வரின் கையெழுத்தோடு காவல் நிலையத்தில் ஒலிபெருக்கி அனுமதி கேளுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி கல்வி நிலையம், மருத்துவமனை, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. மூடிய அரங்கில், சத்தம் உள்ளேயே நின்றால் இந்தச் சிக்கல் குறைவு.