கல்லறைத் தோட்டத்துக்குள் டப்பா வேண்டாம்

நண்பரே, கடலூரில் வெள்ளைக்காரர் காலத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஜியோகேச் டப்பா (அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துச் செல்போனோடு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கிற புதையல் விளையாட்டு டப்பா) வைக்கப் போனபோது காவலாளி விரட்டிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அவர்மேல் தப்பே இல்லை. என் பாட்டியும் அப்படி ஒரு தோட்டத்தில்தான் இருக்கிறார். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று புல் செதுக்கி மெழுகுவத்தி ஏற்றப் போகிற எங்களுக்கு, முன்பின் தெரியாதவர் கல்லிடுக்கில் கைவிட்டுத் துழாவினால் மனசு பதறும்.

ஆனால் உங்கள் ஆசையை விட்டுவிட வேண்டாம். கல்லறைகளில் எண்களை மட்டும் எடுங்கள். இரண்டு மூன்று கல்வெட்டுகளின் ஆண்டு இலக்கங்களைக் கூட்டிக் கழித்தால் டப்பா இருக்கும் கடைசி இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை வருகிற மாதிரிப் புதிர் அமையுங்கள். டப்பா வெளியே, இடத்துக்காரர் சம்மதித்த கடையிலோ தோப்பிலோ இருக்கட்டும். பக்கத்தில் வேறு ஜியோகேச் டப்பா இருந்தால் அதற்கு 161 மீட்டராவது தள்ளி. அட்சரேகையில் ஒரு நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலே 1.85 மீட்டர் விலகும். மரத்தடியில் செல்போன் வேறு தன் பங்குக்குத் தடுமாறும்.

எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸோ மாவோ தேய்த்துவிடாதீர்கள், பழைய கல் பாழாகும். டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பாசி படிந்த 7கூட நிழல் கட்டி எழுந்து நிற்கும்.

உள்ளே போய் எண்களைப் பார்க்கவும் தேவாலய அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். டப்பா, உள்ளே இருப்பது வெளியே தெரிகிறதாக, ரப்பர் வளையம் போட்ட மூடியோடு இருக்கட்டும். ஐப்பசி மழைக்கு மற்றது தாங்காது. மேலே தமிழில் 'இது புதையல் விளையாட்டு' என்று ஒட்டுங்கள்.