தம்பி விளையாட்டுப் பிள்ளை: ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். லண்டன் கிளையன்ட்டோடு மீட்டிங். வேலைப் பேச்சு முடிந்து குடும்பக் கதைக்குத் திரும்பியது. "தம்பிக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆச்சு, இன்னும் விளையாட்டுத்தனமாகவே இருக்கிறான்" என்று சொல்ல நினைத்து, 'ஹி ஸ்டில் ப்ளேஸ் அரௌண்ட்' என்றேன். எதிர்முனையில் சட்டென்று அமைதி. டீம் லீட் அவசரமாகப் பேச்சை மாற்றிவிட்டார். என்ன தப்பு செய்தேன்? அப்படியே, 'சீன் போடாதே' என்பதற்கும் ஆங்கிலம் சொல்லுங்கள்.

பதில்: உங்கள் தம்பிக்கே தெரியாமல் அவர் மானம் கப்பலேறிவிட்டது. கல்யாணமானவரைப் பற்றி 'ப்ளேஸ் அரௌண்ட்' என்றால், மனைவி இருக்க வேறு பெண்களோடு சுற்றுகிறார் என்று பொருள். 'ஃபூல் அரௌண்ட்' என்றிருந்தாலும் இதே கதிதான். சின்னப் பிள்ளைகளைச் சொன்னால் சேட்டை, பெரியவர்களைச் சொன்னால் விவகாரம்.

இந்தத் தொடர் உங்கள் வாயில் எப்படி வந்தது என்று ஊகிக்க முடிகிறது. 'ப்ளே அரௌண்ட் வித் தி செட்டிங்ஸ்' என்று அலுவலகத்தில் தினமும் கேட்டிருப்பீர்கள். அதில் ஒரு வம்பும் இல்லை. 'வித்' போட்டு ஒரு பொருளைச் சொன்னால், மாற்றி மாற்றிச் செய்து பார்ப்பது என்று அர்த்தம். பொருள் போய் மனிதர் வந்ததும் வாக்கியம் தடம் புரள்கிறது.

சிக்கலின் வேர் நம்முடைய 'ஆடு'. சீட்டாடுகிறோம், ஊஞ்சலாடுகிறோம், சூதாடுகிறோம், வேட்டையாடுகிறோம், நீராடுகிறோம், உரையாடுகிறோம். ஒரே வினை எத்தனை வேலை பார்க்கிறது பாருங்கள்! ஆங்கிலத்தில் இதில் சீட்டுக்கு மட்டும்தான் 'ப்ளே'. சூதுக்கு 'கேம்பிள்', வேட்டைக்கு 'ஹன்ட்' என்று ஒவ்வொன்றுக்கும் தனி வினை. பட்டம் விட 'ஃப்ளை', பம்பரம் விட 'ஸ்பின்'. மறுபக்கம் பார்த்தால், நாம் வீணையை வாசிக்கிறோம், நாதஸ்வரத்தை ஊதுகிறோம், பறையை அடிக்கிறோம். அவர்களுக்கு எல்லாமே 'ப்ளே'. கூட வரும் பெயர்ச்சொல்தான் வினையைத் தீர்மானிக்கிறது. அதனால் வினையைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், ஜோடியாகவே பழகுங்கள். கிரிக்கெட், செஸ், கபடிக்கு 'ப்ளே'. நீச்சலுக்குக் 'கோ ஸ்விம்மிங்'. யோகா, கராத்தேவுக்கு 'டூ'.

பெரியவர்கள் 'ஐ ப்ளேட் வித் மை ஃபிரெண்ட்ஸ்' என்று மொட்டையாகச் சொன்னால் மணலில் வீடு கட்டியதுபோல் ஒலிக்கும். என்ன விளையாட்டு என்று சேர்த்துச் சொல்லுங்கள். சும்மா கூடிப் பேசிக்கொண்டிருந்தால் அது 'ஹேங் அவுட்'.

'என்கிட்ட விளையாடாதே' என்பதைக் குரல் பார்த்துத்தான் மொழிபெயர்க்க வேண்டும். சிரித்துக்கொண்டே சொன்னால் 'யூ ஆர் கிட்டிங்'. மீசையை முறுக்கிக்கொண்டு சொன்னால் 'டோன்ட் மெஸ் வித் மீ'. உள்ளே ஏதோ சூழ்ச்சி நடக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் 'டோன்ட் ப்ளே கேம்ஸ் வித் மீ'.

'எஞ்சாய்' விஷயத்தில் நானும் பல வருஷம் தவறியவன்தான். ஊட்டிக்குப் போய்வந்து 'வீ எஞ்சாய்ட் எ லாட்' என்று எழுதுவேன். நாம் தமிழில் 'செமையா எஞ்சாய் பண்ணினோம்' என்று நிறுத்திக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் எதை என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். 'வீ எஞ்சாய்ட் தி ட்ரிப்' என்று சொல்லுங்கள், அல்லது 'எஞ்சாய்ட் அவர்செல்வ்ஸ்'. இரண்டும் நாக்கில் புரளாவிட்டால் 'வீ ஹேட் ஃபன்'. 'ஹேவ் ஃபன்' குதூகலம், 'மேக் ஃபன் ஆஃப்' கேலி, மாற்றிவிடாதீர்கள். மேலதிகாரி 'ஐயம் நாட் அம்யூஸ்ட்' என்றால் பொழுது போகவில்லை என்று நினைத்து ஜோக் சொல்லப் போகாதீர்கள். அவர் எரிச்சலில் இருக்கிறார்.

இனி 'சீன் போடாதே'. இதில்தான் பெரிய குழி இருக்கிறது. 'டோன்ட் மேக் எ சீன்' என்று ஆங்கிலத்தில் உண்டு, ஆனால் அதன் பொருள் 'நாலு பேர் முன்னால் ரகளை பண்ணாதே'. பந்தா காட்டுபவரிடம் சொல்ல வேண்டியது 'ஸ்டாப் ஷோயிங் ஆஃப்'. 'பில்டப் கொடுக்காதே' என்பதற்கும் அதுவே போதும். வாயால் அளந்தால் 'ப்ராக்' அல்லது 'போஸ்ட்' (தபால் போஸ்ட் இல்லை, பஸ்ஸில் வரும் ப). இந்தப் போஸ்ட் ஊருக்கு வந்தால் பெருமையாகிவிடும்: தஞ்சாவூர் ஆயிரம் வருஷக் கோயிலை 'போஸ்ட்ஸ்' என்று பயணக் கட்டுரையில் தாராளமாக எழுதலாம். நடையில் காட்டினால் 'ஸ்ட்ரட்', சேவல் நடை. நகையையும் பணத்தையும் காட்டினால் 'ஃப்ளாண்ட்'. சட்டத்தை மதிக்காமல் மீறுவது 'ஃப்ளௌட்'. இந்த இரண்டில் ஆங்கிலேயர்களே தடுக்கி விழுவார்கள். கைதட்டலுக்காகச் செய்தால் 'ப்ளே டு தி கேலரி'. நாடக அரங்கின் உச்சியில் மலிவு இருக்கைகள் இருந்த இடம்தான் கேலரி; நம் ஊர்த் தரை டிக்கெட் மாதிரி.

இன்றைய இளைஞர்களின் சொல் 'ஃப்ளெக்ஸ்'. தசையை முறுக்கிக் காட்டுவதிலிருந்து வந்தது. நம் தெருமுனைகளில் அதே பெயரில் இருபதடிக்குத் தொங்குவதும் அதே வேலையைத்தான் செய்கிறது என்பது வெறும் தற்செயல்.

லண்டன்காரரிடம் மெனக்கெட்டு விளக்கம் அனுப்ப வேண்டாம், அது இன்னும் வம்பு. அடுத்த முறை பேச்சு தம்பியிடம் வந்தால், 'ஹி நெவர் டேக்ஸ் எனிதிங் சீரியஸ்லி, பட் ஹி அடோர்ஸ் ஹிஸ் வைஃப்' என்று சிரித்தபடி சொல்லிவிடுங்கள்.