கொடி ஏன் 'கெடி' ஆகிறது? டிஸ்லெக்சியா கேள்வி பதில்

(டிஸ்லெக்சியா என்பது வாசிக்கவும் எழுதவும் சிரமப்படுத்தும் கற்றல் குறைபாடு. அது உள்ள பிள்ளைகளை வாசிக்க வைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, பள்ளியில் சிறப்புப் பயிற்றுநராக இருக்கும் நம் உறுப்பினரின் பதில்கள்.)

மகன் மூன்றாம் வகுப்பு. கதை கேட்டால் அழகாகத் திருப்பிச் சொல்கிறான். புத்தகத்தைத் திறந்தால் 'கொடி'யைக் 'கெடி' என்கிறான். வகுப்பில் இம்போசிஷன் கொடுக்கிறார்கள். அதில் சரியாகுமா அக்கா?

பத்துத் தடவை எழுதினால் கைதான் வலிக்கும். 'கொ'வைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதலில் கொம்பு, அப்புறம் க, கடைசியில் கால். காதில் விழுவதோ க் முதலில், ஒ பிறகு. உங்கள் மகன் கொம்பையும் க-வையும் பார்த்ததுமே 'கெ' என்று முடிவு கட்டிவிடுகிறான், கால் கணக்கில் வருவதில்லை. இது சோம்பல் இல்லை.

முதலில் புத்தகத்தை மூடிவிட்டுக் காதுக்கு வேலை கொடுங்கள். "கொடியில் முதல் சத்தம் என்ன? அதே சத்தத்தில் இன்னொரு சொல் சொல்லு." கொசு, கொக்கு என்று வரும். பிறகு ஓர் அட்டையில் 'கொ' எழுதுங்கள், கொம்பும் காலும் ஒரே நிறத்தில். தட்டில் ரவையைப் பரப்பி, சத்தத்தைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதட்டும். (ரவையை நக்கிப் பார்க்காத பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை.) கொ, தொ, பொ, மொ, ஒரு வாரத்துக்கு இவை மட்டும் போதும். தினம் கால் மணி நேரம். 'கோ' பக்கமே போக வேண்டாம்.

அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் நான். வகுப்பில் 34 பேர். ஒரு பிள்ளைக்கென்று தனியாக உட்கார நேரமில்லை மேடம்.

புரிகிறது சார். தனி நேரமே கேட்காத விஷயம் ஒன்று: அவனைத் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். நாளைக்கு எந்த இரண்டு வரி என்று முந்தின நாளே காதோடு சொல்லிவிடுங்கள், தயாராக வருவான்.

இன்னொன்று உகர வரிசை. மற்ற பிள்ளைகள் தாமாகவே பிடித்துக்கொள்வார்கள், இவனுக்கு ஒவ்வொன்றும் புது எழுத்து. சு, பு, வு ஒரு கூட்டம். து, நு, லு இன்னொன்று. மு, ரு, ளு வேறு. வடிவம் பார்த்துக் கூட்டம் கூட்டமாக நடத்துங்கள், வகுப்புக்கே நல்லது.

வண்ணக் கண்ணாடி போட்டால் சரியாகும் என்கிறார்களே?

ஆகாது. கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள், அது அவசியம். ஆனால் டிஸ்லெக்சியாவில் சிக்கல் சத்தத்தையும் எழுத்தையும் இணைப்பதில்தான்.

மகள் எட்டாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். பத்தாம் வகுப்புத் தேர்வில் சலுகை உண்டா?

உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே கற்றல் குறைபாடு இருக்கிறது. மருத்துவச் சான்றிதழோடு பள்ளி வழியாக விண்ணப்பித்தால் கூடுதலாக 1 மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு கேட்கலாம். மொழி விலக்குக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். தமிழை விட்டுவிட்டுப் பேருந்துப் பலகை படிக்கத் திணறும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

எழுதுபவர் வேண்டுமென்றால் இப்போதிருந்தே பழக்குங்கள். வாயால் சொல்லி எழுதவைப்பது லேசில் வராது. ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்விலேயே ஒரு தாளை அப்படி எழுதிப் பார்க்கட்டும்.