நிலுவைத் தட்டு: வாசகர் கேள்வி – பதில்

வகைப்பாட்டு வாரியம் ஆளும் ஒரு நகரம். பதினைந்து வயது நிரம்பியவர்கள் கவுன்ட்டரில் நின்று முகத்தைக் காட்ட வேண்டும். இயந்திரம் ‘அ’ அல்லது ‘ஆ’ என்று சொல்லும், எழுத்தர் அந்த முத்திரையைக் குத்துவார். இரண்டிலும் அடங்காதவரின் கோப்பு ‘நிலுவை’ என்ற தட்டுக்குப் போய்விடும். நிலுவையில் கிடப்பவருக்கு வீடு இல்லை, வேலை இல்லை, செத்தால் சான்றிதழ்கூட இல்லை. அந்தத் தட்டைக் கவனிக்கும் எழுத்தர் முகில், முத்திரை செதுக்கும் கயல், இருவருக்கும் இடையிலான காதல், அவர்கள் போய்ச் சேரும் ரகசியக் குழு. நான் இணையத்தில் தொடராக வரைந்துவரும் பால்புதுமை (பாலினத்திலும் காதலிலும் வழக்கமான வரையறைக்குள் அடங்காதவர்களைப் பற்றிய) அறிவியல் புனைவுப் படக்கதை இதுதான். அதைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எவர் பெயரையும் போடவில்லை.

கேள்வி: முகில் ஆணா, பெண்ணா? இத்தனை அத்தியாயம் ஆகியும் நீங்கள் சொல்லவே இல்லையே?

கவுன்ட்டர் இயந்திரமும் முகிலிடம் இதைத்தான் கேட்கிறது, அதுவும் இரண்டாம் பக்கத்திலேயே. முகில் சொன்ன பதிலை மறுபடி படித்துப் பாருங்கள்: “எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருக்கிறது, அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.” அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்ப்பதாக இல்லை.

கேள்வி: அரசோ இரும்புக்கரம் கொண்டது. எதிர்க்கிறவர்களோ ஒரு சிற்பி, ஒரு தையற்காரர், ஓர் இசைக்கலைஞர். அவர்கள் குறிவைப்பதும் ஆயுதக் கிடங்கை அல்ல, பதிவேட்டு அறையை! காகிதத்தைக் கொளுத்தினால் ஆட்சி கவிழ்ந்துவிடுமா? பிள்ளைத்தனமாக இல்லையா?

கவிழாது. கவிழும் என்று நான் எங்கும் வரையவும் இல்லை. ஆனால் பிள்ளைத்தனம் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். பதிவேட்டைக் கொளுத்துவது 1943 மார்ச் 27 இரவு ஆம்ஸ்டர்டாமில் உண்மையிலேயே நடந்தது.

நெதர்லாந்து நாஜிகளின் பிடியில் இருந்த காலம். 1941 முதல் எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுத்தார்கள். நிழற்படம், கைரேகை, நீர்க்குறி என்று எல்லாம் சேர்த்து, எளிதில் போலி செய்ய முடியாதபடி அதை வடிவமைத்தவர் ஜெர்மானியர் அல்ல, நெதர்லாந்து அதிகாரி ஒருவர்தான். யூதர்களின் அட்டையில் ‘ஜே’ என்ற எழுத்தைக் குத்தினார்கள். எதிர்ப்புக் குழுக்கள் அரும்பாடுபட்டுப் போலி அட்டைகள் தயாரித்தன. ஆனால் அட்டை எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், சந்தேகம் எழுந்துவிட்டால் பதிவேட்டில் உள்ள பிரதியோடு ஒத்துப் பார்த்தால் போதும், குட்டு உடைந்துவிடும். ஆகவே பிரதியையே தொலைத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள்.

திட்டத்தின் நடுநாயகமாக இருந்தவர் வில்லெம் அரோன்டேயுஸ். ஓவியர், நூல்களுக்குப் படம் வரைந்தவர். ஆண்களை நேசிப்பதை மறைக்காமல் வாழ்ந்தவர். சிற்பி கெரிட் வான் டெர் வேன் உடன் நின்றார். தையற்காரர் ஷூர்ட் பாக்கர், அவரும் தன்பாலீர்ப்பாளர், போலீஸ் சீருடைகளைத் தைத்துக் கொடுத்தார். அந்தச் சீருடையில்தான் உள்ளே நுழைந்தார்கள். காவலுக்கு நின்றவர்களைக் கொல்லவில்லை. மருத்துவ மாணவர்கள் தூக்க ஊசி போட, அவர்களை வெளியே தோட்டத்தில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். இழுப்பறைகளைத் திறந்து, அட்டைகளைத் தரையில் கொட்டி, பென்சீன் ஊற்றி, வெடி வைத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்குப் பிறகு வருகிறது. தீயணைப்பு வீரர்கள் அவசரம் காட்டவே இல்லை. வந்தபின் தேவைக்கு மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். நெருப்புக்குத் தப்பிய அட்டைகள் நீரில் ஊறிக் கெட்டன. என் கதையின் 31ஆம் அத்தியாயத்தில் குழாயை மூடாமல் கொட்டாவி விடும் தீயணைப்புக்காரர் எங்கிருந்து வந்தார் என்று இப்போது தெரிகிறதா?

அழிந்தது பதிவேட்டில் சுமார் 15 விழுக்காடுதான். அந்த 15க்குள் உங்கள் அட்டை இருந்தால், உங்கள் கையில் இருக்கும் போலியை ஒத்துப் பார்க்க ஆட்சியிடம் எதுவும் இல்லை. உயிரோடு இருக்க அது போதும். சில நாட்களிலேயே குழுவை யாரோ காட்டிக்கொடுத்தார்கள். ஜூலை 1 அன்று அரோன்டேயுஸ், பாக்கர் உள்ளிட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தன்பாலீர்ப்பாளர்கள் கோழைகள் அல்லர் என்பதை உலகறியச் செய்யுங்கள் என்று அரோன்டேயுஸ் தம் வழக்கறிஞரிடம் சொல்லிவிட்டுப் போனார். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அந்தச் செய்தியைக் காது கொடுத்துக் கேட்க ஆளில்லை என்பது தனிக்கதை.

இசைக்கலைஞரையும் நான் இட்டுக்கட்டவில்லை. செல்லோ கலைஞர் ஃப்ரீடா பெலின்ஃபான்டே, பெண்களை நேசித்தவர், போலி அட்டை வேலையிலும் இந்தத் திட்டத்திலும் பங்கெடுத்தவர். பிறகு மாதக்கணக்கில் ஆண் வேடத்தில் ஒளிந்திருந்து சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். அந்த வேடத்தில் தெருவில் தாயைக் கடந்து போனபோது பெற்ற தாய்க்கே மகளை அடையாளம் தெரியவில்லையாம். அடையாளத்தைப் பற்றிப் படக்கதை வரைகிறவனுக்கு வரலாறு இப்படி வாரிக் கொடுக்கும்போது துப்பாக்கிச் சண்டை எதற்கு? கயல் ஒருத்திதான் என் சொந்தச் சரக்கு.

கேள்வி: அறிவியல் புனைகதை என்கிறீர்கள். காதல் இருக்கிறது, கொள்கை இருக்கிறது, அறிவியல் எங்கே?

கவுன்ட்டரில் இருக்கிறது. முகத்தைப் படமெடுத்து ஆண், பெண் என்று தரம் பிரிக்கும் மென்பொருள்கள் பல ஆண்டுகளாகச் சந்தையில் உள்ளன. 2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடு. கருநிறப் பெண்களிடம் 34.7 வரை போனது. இத்தனைக்கும் அந்தக் கணக்கில் இரண்டே பெட்டிகள். மூன்றாவது பெட்டி இல்லாததால் அதில் விழ வேண்டியவர்கள் பிழையாகக்கூட எண்ணப்படுவதில்லை.

அமெரிக்க விமான நிலையங்களின் உடல் ஸ்கேனர்களைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே நுழைபவரைப் பார்த்த மாத்திரத்தில் ஊழியர் ஆணுக்கு ஒரு பொத்தான், பெண்ணுக்கு ஒரு பொத்தான் என்று அழுத்திவந்தார். உடல் அந்தப் பொத்தானுக்கு ஒத்துவரவில்லை என்றால் திரையில் உடலின் அந்த இடம் எச்சரிக்கையாக ஒளிர்ந்தது. திருநர் பயணிகள் பல்லாண்டுகள் இதற்காகத் தனியே நிறுத்தித் தடவிச் சோதிக்கப்பட்டார்கள். பொத்தான் தேவைப்படாத புதிய மென்பொருளை 2022இல்தான் அறிவித்தார்கள். என் கதையில் வரும் இயந்திரத்துக்கு நான் சேர்த்த ஒரே கற்பனை, அது மரியாதையாக “நன்றி, அடுத்தவர்” என்று சொல்வது.

கேள்வி: அச்சுக் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் நான். பக்கம் பக்கமாக இல்லாமல் ஒரே நீளமாகக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போவது எரிச்சலாக இருக்கிறது. குறிப்பாக வரிசை அத்தியாயம்.

அந்த அத்தியாயத்தில் உங்களுக்கு எரிச்சல் வந்திருந்தால் நான் வென்றுவிட்டேன்.

அது எப்படி உருவானது என்று சொல்கிறேன். அச்சுப் பக்கத்தில் வாசகர் கண் முதலில் முழுப் பக்கத்தையும் ஒரு முறை மேய்ந்துவிடும். கடைசிக் கட்டத்தில் கதவு திறக்கப்போகிறது என்பது முதல் கட்டத்திலேயே தெரிந்துவிடும். திரையில் அப்படி இல்லை, உங்கள் கட்டைவிரல் தள்ளினால்தான் அடுத்தது வரும். காமிக்ஸ் கலைஞர் ஸ்காட் மெக்ளவுட் 2000இலேயே திரைக்குப் பக்க எல்லை தேவையில்லை என்று எழுதினார். அதைப் பெரிய அளவில் நடத்திக்காட்டியவர்கள் கொரியர்கள். இரண்டு கட்டங்களுக்கு நடுவே விடும் வெற்றிடம் அங்கே நேரமாக மாறுகிறது. நான்கு விரற்கடை விட்டால் ஒரு மூச்சு, ஒரு திரை முழுக்க விட்டால் ஒரு மௌனம்.

வரிசை அத்தியாயத்தில் கட்டமே இல்லை. மேலிருந்து கீழே ஒரே வரிசை, முதுகுகள் மட்டும். முதலில் தெரிவது கடைசியில் நிற்பவரின் பிடரி. தள்ளத் தள்ள ஒவ்வொரு முதுகாகக் கடந்து கவுன்ட்டரை நெருங்குகிறீர்கள். ஒருவர் சட்டைக் காலரை இறக்கிவிடுகிறார், ஒருவர் நகச்சாயத்தை உள்ளங்கைக்குள் மறைக்கிறார், ஒருவர் நடையை மாற்றிப் பழகுகிறார். கண்ணாடிச் சன்னல் வந்ததும் அதில் முகம் எதையும் வரையவில்லை, கறுப்பாக விட்டுவிட்டேன். கைபேசியின் கறுப்புத் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். வெயிலில் படித்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். யாரும் உங்களைக் கவுன்ட்டருக்கு இழுத்துப் போகவில்லை, நீங்களேதான் விரலால் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தீர்கள்.

வாரிய அலுவலகக் காட்சிகளில் மட்டும் மூன்றுக்கு மூன்று என்று கறாரான ஒன்பது கட்டங்கள் வைத்தேன். வசன பலூன்களுக்குக்கூட அங்கே கூர்முனைகள்தான்.

கேள்வி: கயலைக் கொல்லப்போகிறீர்கள், எனக்குத் தெரியும். இந்த மாதிரிக் கதைகளில் ஒருவர் செத்தே ஆக வேண்டும்.

கயல் சாக மாட்டாள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சாவு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1950களில் அமெரிக்காவில் பெண்ணைப் பெண் காதலிக்கும் மலிவுப் பதிப்பு நாவல்கள் சக்கைப்போடு போட்டன. ஆனால் காதலர்கள் மகிழ்ச்சியாக வாழ்ந்தார்கள் என்று முடித்தால் தபால் துறை நூலைப் பறிமுதல் செய்துவிடும் என்று பதிப்பாளர்களுக்கு நடுக்கம். அதனால் ஒருத்தி சாக வேண்டும், அல்லது பைத்தியம் பிடிக்க வேண்டும், அல்லது ஓர் ஆணிடம் போய்ச் சேர வேண்டும். எழுத்தாளர் மனமுவந்து எழுதிய சாவு அல்ல அது, அஞ்சல் அதிகாரிக்குக் கட்டிய கப்பம். அந்த அதிகாரி ஓய்வுபெற்றுப் போன பிறகும் நாம் பழக்கதோஷத்தில் கட்டிக்கொண்டே இருக்கிறோம்.

படக்கதைக்கு இன்னும் மோசம். 1954இல் அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டார்கள். அதில் ‘பாலியல் பிறழ்வு’ என்று அவர்கள் அழைத்ததைக் காட்டுவது மட்டுமல்ல, குறிப்பால் உணர்த்துவதும் தடை. அந்த விதிக்கு உட்பட்ட இதழின் அட்டையில் ஒரு முத்திரை இருக்கும். முத்திரை இல்லாத இதழைக் கடைகளுக்கு அனுப்ப விநியோகஸ்தர்கள் தயங்கினார்கள். தடை 1989 திருத்தத்தில்தான் விலகியது, முத்திரை 2011இல்தான் அடியோடு வழக்கொழிந்தது. கயலின் தொழில் முத்திரை செதுக்குவது என்று வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கயலைக் கொல்லாமலே கதையில் பதற்றம் ஏற்ற முடியும். நாளெல்லாம் நூறு பேருக்கு ‘அ’, ‘ஆ’ என்று குத்தினால்தான் முகில் அந்த நாற்காலியில் நீடிக்க முடியும். நீடித்தால்தான் இரண்டு கோப்புகளைச் சத்தமில்லாமல் காணாமல் போகச் செய்ய முடியும். அந்த நூறு பேரில் ஒருவர் திரும்பி வந்து முகிலின் முகத்தைப் பார்ப்பார். அடுத்த மூன்று அத்தியாயங்களும் அந்தப் பார்வையைப் பற்றியவைதான்.

கேள்வி: நானும் இப்படியொரு தொடர் வரைகிறேன். வீட்டில் என்னைப் பற்றித் தெரியாது. புனைபெயரில் வெளியிடுவது கோழைத்தனமா?

இல்லை. ஜெர்மானியர் பிடித்துவைத்திருந்த ஜெர்சி தீவில் இரண்டு கலைஞர்கள் வாழ்ந்தார்கள். குளோட் காஹுன், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயரைத் தானே தேர்ந்துகொண்டவர். மார்செல் மூர், ஓவியர், அவருடைய வாழ்க்கைத் துணை. இருவரும் மெல்லிய தாள்களில் போர் எதிர்ப்பு வாசகங்களைத் தட்டச்சு செய்து, ராணுவ வீரர்களின் சட்டைப் பைகளிலும் சிகரெட் பெட்டிகளிலும் சொருகினார்கள். கீழே கையெழுத்து ‘பெயரற்ற போர்வீரன்’. படைக்குள்ளேயே ஒரு சதிக்கும்பல் இருக்கிறது என்று அதிகாரிகள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 1944இல் பிடிபட்டு மரண தண்டனை விதிக்கப்பட்டது, நிறைவேறாமலே போர் முடிந்து விடுதலையானார்கள். இவர்களைக் கோழைகள் என்று எவரும் சொல்லிவிட முடியுமா?

இனி காரியத்துக்கு வருகிறேன். தொடருக்கென்று தனி மின்னஞ்சல் வையுங்கள், அதை வீட்டுக் கணினியில் திறந்து வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். தாளில் வரைந்து கைபேசியில் படமெடுத்தால் எடுத்த இடமும் நேரமும் அந்தக் கோப்புக்குள் பதிந்திருக்கும், வெளியிடும் முன் நீக்குங்கள். வரையும் மென்பொருளில் உரிமையாளர் பெயர் என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் உங்கள் சொந்தப் பெயர் தானாகவே நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். வாசகர்கள் பணம் அனுப்ப வழி செய்தால் பெரும்பாலும் வங்கிக் கணக்கில் உள்ள பெயர் அவர்களுக்குத் தெரிந்துவிடும், ஆரம்பத்தில் அதைத் தள்ளிப்போடுங்கள். சொந்தமாக இணைய முகவரி வாங்கினால் பதிவு விவரங்களை மறைக்கும் வசதியைக் கேட்டு வாங்குங்கள். பாத்திரங்களுக்கு உங்கள் நெருங்கிய நண்பர்களின் முகத்தைக் கொடுக்காதீர்கள், புனைபெயரை மீறி ஆளைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதுதான். வீட்டில் எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதை வாசகர்களின் ஆரவாரத்தைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: புத்தகமாக எப்போது வரும்?

மற்ற அத்தியாயங்களைப் பக்கங்களாக வெட்டி அடுக்கிவிட்டேன். வரிசை அத்தியாயம்தான் மடங்க மறுக்கிறது. அதற்கு மட்டும் நீளமான மடிப்புத் தாள் வேண்டும் என்கிறேன், செலவு கட்டுப்படியாகாது என்கிறார் பதிப்பாளர். பேச்சு நடக்கிறது. அதுவரை அந்தக் கோப்பும் நிலுவைத் தட்டில்தான்.