திருகோணமலையில் இங்கிலிஷ் ரோசா: மதிலில் படர விடுவதா, செடியாக விடுவதா?

கேள்வி இதுதான்: உப்புவெளியில் வீடு, முன்பக்கம் ஆறடி மதிலும் கேற்றும். லண்டனில் அக்கா வீட்டுச் சுவர் முழுக்கப் பூத்திருக்கிற இங்கிலிஷ் ரோசாவைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. கொடி ரகம் வாங்குவதா, செடி ரகம் வாங்குவதா?

செடி ரகத்தை வாங்குங்கள், அதைக் கொடியாகக் கட்டுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நானும் பாலையூற்றில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இந்த ரோசாக்களை உருவாக்கியவர் இங்கிலாந்து ஷ்ரொப்ஷயரைச் சேர்ந்த டேவிட் ஒஸ்டின். பழங்கால ரோசாவின் இதழடுக்கும் வாசமும் வேண்டும், புதுக்கால ரோசாவைப் போலத் திரும்பத் திரும்பப் பூக்கவும் வேண்டும் என்று மகரந்தம் மாற்றிக் கலப்பினம் செய்துகொண்டே போனார். முதல் ரகமான 'கொன்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை' 1961இல் வந்தது. அது வருடத்துக்கு ஒரு முறைதான் பூக்கும், அதற்கும் குளிர்காலம் வேண்டும். எங்கள் ஊரில் அது இலைக்கு மட்டும்தான் உதவும், பெயரைக் கேட்டு மயங்கிவிட வேண்டாம். திரும்பப் பூக்கிற நல்ல ரகங்கள் எண்பதுகளில்தான் பெருகின. 1983இல் வந்த மஞ்சள் நிற 'கிரஹாம் தோமஸ்', 1985இல் வந்த 'ஏப்ரகாம் டார்பி' இரண்டும் அந்தக் காலத்தவை.

அட்டையில் 'நாலடிச் செடி' என்று எழுதியிருப்பது இங்கிலாந்தின் கோடையை வைத்துச் சொல்லும் கணக்கு. அங்கே குளிர் வந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். கலிபோர்னியா, அவுஸ்திரேலியா போன்ற சூடான இடங்களில் அதே செடி எட்டடிக்கு மேல் தண்டு விடுவது தெரிந்த விஷயம். எங்களுக்குக் குளிர்காலமே கிடையாது. தண்ணியும் எருவும் கிடைத்தால் தண்டு நீண்டுகொண்டே போகும், அதன் நுனியில் ரெண்டு பூ மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும். அந்தத் தண்டைச் சும்மா வெட்டித் தள்ளாமல் படுக்க வைப்பதுதான் கெட்டித்தனம். உண்மையான கொடி ரகமென்றால் பன்னிரண்டு, பதினைந்து அடி போகும். ஆறடி மதிலில் அதை அடக்க முடியாது.

படுக்க வைப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நிமிர்ந்து நிற்கிற தண்டின் நுனிமொட்டு ஒக்ஸின் என்ற வளர்ச்சிச் சுரப்பைக் கீழே அனுப்பி, மற்றக் கண்களை முளைக்க விடாமல் அடக்கி வைக்கிறது. தண்டைச் சரித்துக் கட்டினால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். இலைக்காம்பு விழுந்த தழும்புக்கு மேலே ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி தெரியும், அதுதான் கண். கட்டிக் கொஞ்ச நாளில் மேல்பக்கத்துப் புள்ளிகள் வீங்கி, செம்பு நிறத்தில் விரல் நீளத் துளிர் விடும். ஒவ்வொரு துளிரின் நுனியிலும் மொட்டு வரும். ரெண்டு பூவோடு நின்ற அதே தண்டு நீளவாக்கில் வரிசையாகப் பூக்கும்.

இளந்தண்டைத்தான் வளைக்க வேண்டும். பச்சை மாறாத, பென்சில் பருமன் தண்டு மழைக்காலத்தில் நன்றாக வளையும். முற்றியதை வளைத்தால் அடியில் சடக்கென்று போய்விடும். ஒரே நாளில் இழுத்துக் கட்டாமல் இன்றைக்குக் கொஞ்சம், அடுத்த கிழமை கொஞ்சம் என்று சரியுங்கள். கட்டுவதற்குப் பழைய சேலைத் துண்டு போதும், எட்டு மாதிரிச் சுற்றி இளக்கமாக முடியுங்கள். கம்பியால் கட்டினால் தண்டு பருத்ததும் அறுத்துவிடும்.

மதிலில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஜீஐ கம்பி இழுங்கள். கம்பி மதிலோடு ஒட்டக் கூடாது, நாலு விரல் தள்ளி நிற்க வேண்டும். பகல் முழுக்கக் காய்ந்த மதில் ராத்திரி எட்டு மணிக்கும் சுடும், இடையில் காற்று ஓடாவிட்டால் இலை கருகும். எந்த மதில் என்பதும் முக்கியம். மேற்கு பார்த்த மதிலென்றால் கச்சான் என்ற சூடான மேல்காற்று வீசும் காலத்துப் பின்னேர வெயிலில் செடி தப்பாது. கிழக்கு பார்த்தது நல்லது, ஆனால் அந்தப் பக்கம் கடற்காற்று நேரே அடிக்கிறதா என்று பாருங்கள். இலை ஓரம் மட்டும் கருகினால் உப்பு ஒரு காரணமாக இருக்கலாம். கிணற்றுத் தண்ணி உவரானால் அதற்கும் இதே கதிதான். கேற்றுக்கு மேலே இரும்புப் பைப் வளைவு போடுகிறீர்களென்றால் முதலில் தும்புக் கயிறு சுற்றிவிடுங்கள், வெறும் பைப் தண்டைச் சுட்டுவிடும்.

எந்த ரகம்? வளைந்து தொங்கிப் பூக்கிற 'ஏப்ரகாம் டார்பி' மேலே கட்டினால் அழகு, கீழே நிற்கிறவருக்குப் பூவின் முகம் தெரியும். மதிலுக்குக் 'கிரஹாம் தோமஸ்' என்பேன். 'கேட்ரூட் ஜீக்கிள்' வாசத்தில் ராணி, ஆனால் விறைத்த தண்டு, நெருக்கமான முள்ளு. கேற்றடியில் பிள்ளைகள் ஓடித் திரிகிற வீட்டுக்குச் சரிவராது. கட்ட நேரமில்லை, முற்றத்தில் தனிச் செடியாகவே நிற்கட்டும் என்றால் 'மொலினூ' மாதிரி அடக்கமாக நிமிர்ந்து வளர்வதைத் தேடுங்கள். மலைநாட்டிலிருந்து லொறியில் வருகிற கன்றுகளின் பெயரை அவ்வளவாக நம்ப வேண்டாம். பெயரை விட்டுத் தண்டைப் பாருங்கள், வளைந்து சரிந்தால் மதிலுக்கு, விறைப்பாய் நின்றால் முற்றத்துக்கு. அக்கா சூட்கேசில் தடி கொண்டு வருவா என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். செடி இறக்க அனுமதிப்பத்திரம் வேண்டும், கட்டுநாயக்காவில் பிடித்தால் பறிபோகும்.

வெட்டும் காலத்தை இங்கிலாந்துப் புத்தகத்தில் தேடாதீர்கள். வெட்டினதிலிருந்து பூக்க ஆறு, ஏழு கிழமை எடுக்கும். செப்டம்பர் கடைசியில் வெட்டினால் பூ நவம்பர் மழையில் மாட்டும், இதழ் விரியாமல் மொட்டோடு அழுகும். டிசம்பர் தொடக்கத்தில், ரெண்டு நாள் மழை விட்ட நேரமாகப் பார்த்து வெட்டினால் தைப்பொங்கலை ஒட்டியும் அதற்குப் பிறகும் பூக்கும். ராத்திரிக் குளிர் இருக்கிற அந்த நாட்களில்தான் பூ கிண்ணம் மாதிரி நிறைந்து வரும். தனிச் செடியென்றால் மூன்றிலொரு பங்கு வெட்டுங்கள். மதிலில் கட்டியதென்றால் நீளத் தண்டுகளைத் தொடாமல், பூத்து முடிந்த பக்கக் கொப்புகளை மட்டும் ரெண்டு, மூன்று கண் விட்டு வெட்டுங்கள்.

வைகாசி முதல் ஆவணி வரை பெரிய வெட்டு வேண்டாம். அந்த நேரம் பூ சின்னதாகி, நிறம் வெளிறி, காலையில் விரிந்தது பின்னேரம் உதிரும். அது செடியின் குற்றமில்லை. வாடின பூவைக் கிள்ளி, அடியில் பொச்சுமட்டையைக் கவிழ்த்து வேரைக் குளிராக வைத்திருங்கள். தும்புத்தூள் போடுவதென்றால் முதலில் நல்ல தண்ணியில் அலசுங்கள், அதிலும் உப்பு இருக்கும். கச்சான் வறட்சியில் இலைக்கு அடியில் செஞ்சிலந்திப் பேன் வரும், காலையில் பைப் தண்ணியை அடியிலிருந்து பீச்சினாலே பாதி குறையும். மாரியில் இலையில் கரும்புள்ளி நோய் வரும். விழுந்த இலையைப் பொறுக்கி எரித்துவிடுங்கள், எருக்கிடங்கில் போட வேண்டாம்.