ஏறும்போது நடுவழியில் நிற்கணுமா?

கேள்வி: 28 மீட்டரில் 20 நிமிடம் ஸ்கூபா டைவ் செய்துவிட்டு ஏறும்போது, பாதி ஆழமான 14 மீட்டரில் இரண்டரை நிமிடம் 'டீப் ஸ்டாப்' போடச் சொல்கிறார் நண்பர். என் டைவ் கம்ப்யூட்டர் 5 மீட்டரில் 3 நிமிடம்தான் கேட்கிறது. எதைக் கேட்பது?
– வாசகர், குளச்சல்

பதில்: கம்ப்யூட்டரை. நண்பரும் இல்லாததைச் சொல்லவில்லை. ஹவாயில் மீன் ஆராய்ந்த ரிச்சர்ட் பைல், பிடித்த மீன்களின் காற்றுப்பையிலிருந்து காற்றை வெளியேற்ற நடுவழியில் நின்ற நாட்களில் களைப்புக் குறைந்ததைக் கவனித்தார். வழக்கம் அங்கிருந்து பரவியது. 25 மீட்டர் டைவ்களில் இப்படி நின்றால் இரத்தக் குமிழிகள் குறைவதாக 2004இல் ஓர் ஆய்வும் வந்தது.

ஆனால் குமிழி குறைவது வேறு, நோய் (உடலில் கரைந்த நைட்ரஜன் ஏறும்போது குமிழியாகி வரும் அழுத்தநீக்க நோய்) குறைவது வேறு. அமெரிக்கக் கடற்படை 170 அடியில் 30 நிமிட டைவ்களில் நோயையே எண்ணிப் பார்த்தது. ஆழத்தில் அதிகம் நின்றவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. உங்களுடையது அவ்வளவு கனமான டைவ் அல்ல. அதற்கான காரணம் மட்டும் உங்களுக்கும் பொருந்தும்.

கணக்கைப் பாருங்கள். 20 நிமிடத்தில், 5 நிமிட அரைநேரம் (பாதி நிரம்ப ஆகும் நேரம்) கொண்ட வேகத் திசுவில் நைட்ரஜன் அழுத்தம் சுமார் 2.9 பார், 40 நிமிட அரைநேர மெதுவான திசுவில் 1.4 தான். 14 மீட்டரில் நீங்கள் சுவாசிக்கும் நைட்ரஜனோ 1.9. வேகத் திசு நைட்ரஜனை வெளியேற்றும்போதே மெதுவான திசு இன்னும் ஏற்றிக்கொண்டிருக்கும். 5 மீட்டரில் அது 1.2, இரண்டுமே வெளியேற்றும்.

காற்றுச் செலவும் உண்டு. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவருக்கு அந்த இரண்டரை நிமிடம் 120 லிட்டர். 11 லிட்டர் சிலிண்டரில் 11 பார். 5 மீட்டரின் 3 நிமிடத்துக்கு 8 பார் போதும். அதைத் தியாகம் செய்து ஆழத்தில் நிற்பதுதான் தவறு.

நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதீர்கள். கடைசி 5 மீட்டருக்கே ஒரு நிமிடம் கொடுங்கள்; அங்கேதான் பலர் பறக்கிறார்கள். 200இலிருந்து 50 பாருக்கு வந்த சிலிண்டர் 2 கிலோ இலேசாகியிருக்கும், மிதக்காமலிருக்கக் கட்டும் ஈய எடை குறைவானால் 5 மீட்டரில் நிற்கவே முடியாது. 50 பாரில், பி.சி.டி.யை (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்று ஜாக்கெட்டை) காலி செய்து நிற்க முடிகிறதா என்று முன்பே சோதித்து ஈயத்தைச் சரி செய்யுங்கள். அலை பெரிதாக இருந்தால் 6 மீட்டரில் நில்லுங்கள். கம்ப்யூட்டரில் டீப் ஸ்டாப் விருப்பத் தேர்வாக இருந்தால் அணைத்துவிடலாம்.